செயின் டயரில் உரசுதா?

சைக்கிளில் எஞ்சின் மாட்டுகிறவர்களுக்கு முதல் தலைவலி எஞ்சின் இல்லைங்க, செயின்தான்! நண்பனுடைய 26 இஞ்ச் சைக்கிளில் ஒரு டூ-ஸ்ட்ரோக் கிட் மாட்டினோம். இடது பக்கச் செயின் டயரின் ஓரத்தில் 'சரக் சரக்'கென்று உரசியது.

பலரும் சொல்லும் வைத்தியம், செயினை இறுக்கிப் பிடிக்கும் உருளையை வளைத்து, செயினை வெளியே தள்ளுவது. நண்பனும் ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டான். நான் விடவில்லை. அந்த உருளை ஃபிரேம் குழாயில் ஒரே ஒரு கிளாம்ப்பில்தான் நிற்கிறது. செயின் கோணலாக இழுக்க இழுக்க கிளாம்ப் மெல்லத் திரும்பி, உருளை ஸ்போக்ஸுக்குள் போய்விடலாம். ரோட்டில் ஓடும்போது பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால் செயினை நகர்த்தாமல் மற்றதைச் சரிசெய்தோம். முதலில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, சரியாக நடுவில் நிறுத்தினோம். பிறகு 2.125 டயரைக் கழற்றிவிட்டு 1.75 டயர் போட்டோம். பக்கத்துக்குச் சுமார் 4.7 மி.மீ. இடம் கிடைத்தது. உரசல் நின்றது.

இதுவும் போதாவிட்டால் இன்னொரு வழி உண்டு. பின்சக்கரத்தின் 44 பல் சக்கரம் குழிவானது. திருப்பி மாட்டினால் பற்கள் வெளியே தள்ளி வரும். ஆனால் ஃபிரேமில் இடிக்கிறதா, எஞ்சின் பல்சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு முழுச்சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். அப்புறம் ஏறி உட்காரலாம் :)