இரண்டு செங்கோட்டை

ஊர்ப்பெயர்த் தேடலுக்கு ஒரு டெஸ்ட். தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை. நாலு ஊர் பாஸ், செங்கோட்டை ஃபெயில். லாகில் வந்த வரி: எதிர்பார்த்தது 'செங்கோட்டை', கிடைத்தது 'செங்கோட்டை'. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

விஷயம் 'கோ'வில் இருக்கிறது. யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ககரமும் ஓகாரக் குறியும் சேர்த்து இரண்டு குறியீடு. அல்லது ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்று. முதல் வகைச் செங்கோட்டையில் 10 குறியீடு, அடுத்ததில் 11. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; ஆக 30 பைட் ஊர் ஒன்று, 33 பைட் ஊர் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு வேறு.

*

இதற்கு மருந்து யூனிகோடிலேயே இருக்கிறது: என்எஃப்சி என்ற இயல்பாக்கம். பைத்தானில் ஒரே வரி. ஹெல்பர் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் இயல்பாக்கிவிட்டால் டெஸ்ட் பச்சையாகிவிடும். எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். ஆனால் அப்படிச் செய்தால் பிழை போய்விடாது. 11 குறியீட்டுச் செங்கோட்டை தரவுத்தளத்தில் அப்படியே கிடக்கும். தேடுகிறவருக்கு 'முடிவுகள் இல்லை' என்றுதான் வரும். டெஸ்ட் மட்டும் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

குற்றாலம் பேரருவியில் மேலிருந்து விழும் தண்ணீர் நேரே நம் தலைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. குளிக்கிறவர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. டெஸ்டுக்கு நடுவே அப்படி ஒரு பள்ளம் இருந்தால் பிழை அங்கேயே அடங்கிவிடும், நம் கைக்கு வராது.

ஆகவே ஹெல்பர் இரண்டு வேண்டும். திரையில் தெரிவதைச் சோதிக்க ஒன்று. அது இயல்பாக்கிவிட்டு ஒப்பிடலாம். சேமிக்கப்பட்டதைச் சோதிக்க இன்னொன்று; அது எதையும் தொடக்கூடாது. ஃபெயில் ஆனால் இரண்டு சொல்லையும் குறியீடு குறியீடாகப் பிரித்து, எந்த இடத்தில் விலகுகிறது என்று லாகில் எழுத வேண்டும். இந்தப் பிரித்துக் காட்டும் வேலைக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். ராத்திரி பில்ட் உடைந்தால் அதைப் படிக்கப்போகிறவர் காலையில் வரும் இன்னொருவர்.

*

பைத்தான் 3இல் ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அந்தப் பெயர்களை மொழியே இயல்பாக்கிக்கொள்கிறது. 'கோ'வை எந்த விதமாக அடித்தாலும் ஒரே ஃபங்ஷன்தான். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல்லை அது தொடுவதில்லை. தொடாமல் இருப்பதே சரி. அதனால் பொறுப்பு நம்முடையது.

*

கென்ட் பெக் முதலில் ஸ்மால்டாக் மொழிக்கு எஸ்யூனிட் என்ற டெஸ்ட் கருவியை எழுதினார். 1997இல் அவரும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் உட்கார்ந்து ஜேயூனிட்டைத் தொடங்கினார்கள். பைத்தானின் யூனிட்டெஸ்ட் 2001இல் 2.1 பதிப்போடு வந்தது. டெஸ்ட்டை ஓட்டுவது, எண்ணுவது, சிவப்பு பச்சை காட்டுவது எல்லாம் இவை நன்றாகச் செய்கின்றன. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்பது இவற்றின் வேலை இல்லை.

'குற்றாலம்' நமக்கு 5 எழுத்து. பைத்தானின் நீளக் கணக்கில் 9. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் நூலகத்தில் தமிழ் எழுத்தாகப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் இருக்கிறது. அதை ஹெல்பருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. பெயருக்கு 20 இடம் என்று ஒரு ஃபாரம் சொல்கிறது. 'தென்காசி காசிவிசுவநாதர்' நடுவில் விடும் இடத்தையும் சேர்த்து நம் கணக்கில் 13தான், தாராளமாக அடங்க வேண்டும். குறியீட்டுக் கணக்கில் 23. திரையில் 'தென்காசி காசிவிசுவநா' என்று நின்றுவிடும். பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயிலின் பெயர் அரைகுறையாக நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

*

போலித் தரவு தயாரிக்கும் ஹெல்பர்கள். ஜான் ஸ்மித் போன்ற பெயர்கள். பெயரில் பின்பாதி கட்டாயம் என்ற ஃபாரத்தை இந்தப் பெயர்கள் எளிதாகத் தாண்டும். 'மு. இசக்கியம்மாள்' என்று ஒன்றைக் கொடுத்தால்தான் கதவு எங்கே இடிக்கிறது என்று தெரியும். தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2011இல் வந்தது. ஸோஹோ டெஸ்க் அங்கிருந்து உருவானது. தென்காசிப் பக்கம் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுத முடியும் என்பது நிரூபணமான விஷயம். அப்படியிருக்க இங்கே எழுதும் டெஸ்ட்களில் இசக்கிகளும் மாடசாமிகளும் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

*

நேரம். பில்ட் சர்வர் யூடிசியில் ஓடுகிறது, நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். ராத்திரி 12லிருந்து காலை 5.30 வரை சர்வருக்கு 'இன்று' என்பது நமக்கு நேற்று. பகலில் பாஸ், நள்ளிரவில் ஃபெயில் என்று ஒரு டெஸ்ட் ஆடினால் முதலில் இதைப் பார்க்க வேண்டும். கடிகாரத்தை ஒரு நேரத்தில் நிறுத்திவைக்கும் ஹெல்பர் போதும். மூன்று முறை திரும்ப ஓட்டிப் பார்க்கும் ஹெல்பரை மட்டும் இதற்குப் போடவே கூடாது.

*

ஹெல்பருக்கும் டெஸ்ட் எழுத வேண்டும். என்எஃப்சி செங்கோட்டையைச் சேர்த்துவைக்கும், ஆனால் 'பௌர்ணமி'யையும் 'பெளர்ணமி'யையும் சேர்க்காது. பின்னதில் இருப்பது ஒற்றைக்கொம்பும் ளகரமும். அது வேறு எழுத்து, வெறும் தட்டச்சுப் பிழை. இதை ஹெல்பர் திருத்தக்கூடாது, எச்சரிக்க மட்டும் வேண்டும்.

அடுத்து அகரவரிசை. குறியீட்டு வரிசைப்படி அடுக்கினால் 'க'வுக்குப் பின்னால் 'க்' வருகிறது. னகரம் கடைசிக்குப் போகாமல் நகரத்துக்கு அடுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதிர்பார்க்கும் பட்டியலை ஃபங்ஷனை வைத்துத் தயாரிக்காமல், அகராதியைப் பார்த்துக் கையால் எழுதிவைக்க வேண்டும்.