தோல் வாசம்

எங்க தாத்தா துப்புவதைப் பார்த்துத்தான் நான் ருசி பார்க்கப் படித்தேன்.

சிங்காநல்லூர்க் குளத்துக்குப் பக்கம் எங்க வளவு. வளவின் கடைசியில், ஊருக்கு வாசம் அடிக்காத தூரத்தில், தோல் ஊறுகிற தொட்டி. செத்த மாட்டை உரித்து வந்து, தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில் போட்டு, மயிரைச் சுரண்டிக் கழுவி, அப்புறம் ஆவாரம்பட்டைத் தண்ணியில் ஊறப்போடுவார். பட்டை இடிக்கிறது அவ்வாவோட வேலை. (வீட்டில் எங்களுக்குத் தெலுங்கு, வளவைத் தாண்டினால் தமிழ்.) தண்ணி பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க அவரிடம் கருவி ஒன்றும் கிடையாது. விரலை விட்டு எடுத்து ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடுவார். வாய்க்குள் ஒரு சுற்று உருட்டிவிட்டு எட்டித் துப்புவார். "இன்னும் ரெண்டு கூடை பட்டை போடோணும்" என்பார். இல்லை, "போதும், புடிச்சுக்கிச்சு" என்பார். ஆறு வயதில் நானும் ஒருநாள் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். பல்லும் ஈறும் ஒட்டிக்கொண்ட மாதிரி, நாக்கு மேல் சாக்குப்பை விரித்த மாதிரி இருந்தது. தாத்தா சிரித்தார். "அதுதான்டா கண்ணு தோலைக் கெட்டியாக்குது. உன்ற நாக்கும் தோலுதானே."

அந்தத் தோலில்தான் கவலை இறைக்கிற பறி தைத்தார். அவர் தைத்த பறி இறைத்த தண்ணியில்தான் பண்ணாடிமார் தோட்டத்தில் பருத்தியும் சோளமும் விளைந்தன. 1930களில் பைகாரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது. பம்புசெட்டுகள் கிணறு கிணறாய் இறங்கி, தாத்தா காலத்திலேயே பறிக்கு வேலை இல்லாமல் ஆயிற்று. அப்புறம் செருப்பு மட்டும். அப்பா மில்லுக்குப் போனார். வாசம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பையன் மூக்கைப் பொத்திக்கொள்வான். அப்போது எங்க வீட்டில் தோல் வேலை நின்று ரெண்டு வருசம் ஆகியிருந்தது. இல்லாத வாசம் அவனுக்கு எப்படி அடித்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. டீக்கடையில் தாத்தாவுக்குக் கொட்டாங்குச்சி. அப்பாவுக்குத் தனி டம்ளர், குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். எந்தக் கோப்பையில் யார் குடிக்கலாம் என்கிற படிப்பை நான் ஓட்டலுக்கு வேலைக்குப் போவதற்கு ரொம்ப முன்னாலேயே முடித்துவிட்டேன்.

கேட்டரிங் படித்துவிட்டு 1996-ல் புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் சேர்ந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் வந்து தங்குகிற இடம். ஒயின் அறைக்குப் பொறுப்பாளர் பாரீசில் பல வருசம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய புதுச்சேரிக்காரர். 1881-ல் பிரெஞ்சு அரசு போட்ட ஒரு ஆணைப்படி, சாதி வழக்கத்தையும் பழைய பேரையும் துறக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுப் பேர் வைத்துக்கொண்டவர்களில் நம் சனங்கள் நிறையப் பேர். அவருடைய முப்பாட்டனாரும் அப்படி ஒருத்தர். என்னிடம் சாதி கேட்காமல் வேலை கற்றுக்கொடுத்த முதல் ஆள் அவர்தான்.

"பாட்டிலைப் படுக்கப் போடு தம்பி, நிக்க வைக்காதே. தக்கை காய்ஞ்சா காத்து உள்ளே போயிடும்" என்பார். சூடு 12, 13 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெளிச்சம் கூடாது, அதிர்ச்சி கூடாது, அறையில் ஈரப்பதம் வேண்டும். பழைய பாட்டிலைத் திறக்கும்போது கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்து, வண்டல் கழுத்துக்கு வருகிற நேரம் பார்த்து ஊற்றுவதை நிறுத்த வேண்டும். ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கை கெட்டது, அந்தப் பாட்டில் போச்சு. ஊற்றுகிறவன் ஒரு மடக்கு ருசி பார்த்துத்தான் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் நாள் ஒரு இளம் போர்தோ சிவப்பு ஒயினை ஊற்றிக் கொடுத்தார். வாயில் உருட்டச் சொன்னார். உருட்டினேன். பல்லும் ஈறும் ஒட்டிக்கொண்டன. நாக்கு மேல் சாக்குப்பை. பக்கத்தில் துப்புவதற்கு ஒரு வாளி இருந்தது. துப்பிவிட்டு வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தெரியுது?"

"ஆவாரம்பட்டைங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். தாத்தா, தொட்டி, துப்பல் எல்லாம். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்தத் துவர்ப்புக்குப் பேர் தானின். திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருகிறது, ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம். பிரெஞ்சில் 'தான்' என்றால் தோல் பதனிடுவதற்காக இடித்த ஓக் மரப்பட்டை. ஒயினைப் பற்றிப் பேசுகிற சீமான்கள் எல்லாம் வாய் நிறையச் சொல்கிற அந்த வார்த்தை தோல் தொழிலாளியின் தொட்டியிலிருந்து போனது. பத்து, இருபது வருசம் இருட்டில் கிடந்தால் தானின் ஒன்றோடொன்று சேர்ந்து வண்டலாய் இறங்குமாம், துவர்ப்பு மெத்தென்று ஆகுமாம். அப்படிப் பழுத்த ஒயினுக்குப் புத்தகங்களில் எழுதியிருக்கிற பெரிய பாராட்டுகளில் ஒன்று, நல்ல தோல் வாசம் அடிக்கிறது என்பது.

என்னை மூக்குப் பொத்தவைத்த வாசத்துக்குத்தான் அங்கே விலை.

அங்கேயும் படிக்கட்டு உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1855-ல் பாரீஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டு, தரகர்கள் விலையை வைத்து போர்தோவின் சிவப்பு ஒயின் தோட்டங்களை அஞ்சு படியாகப் பிரித்தார்கள். மேல்படியில் நாலே தோட்டம். அப்புறம் மண் எப்படிப் போனாலும், உழைப்பு எப்படி மாறினாலும் படி மாறவில்லை. 118 வருசம் கழித்து, 1973-ல் மூத்தோன் ரோத்ஷீல்டு என்ற ஒரே ஒரு தோட்டம் ரெண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியது. புதுச்சேரிக்காரர் இதை ஒரு அநியாயமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றாவது ஏறியதே!

இன்னொன்றும் உறுத்தியது. பிள்ளை பிறந்த வருசத்து ஒயினை அப்பன் வாங்கிக் கீழறையில் போட்டுவைப்பானாம், பிள்ளைக்கு இருபத்தொன்று ஆகும்போது திறப்பதற்கு. இருபத்தோரு வருசம் ஒரு பொருளைத் தொடாமல் வைத்திருக்க வீட்டில் என்ன இருக்க வேண்டும்? எங்க வளவில் தீபாவளிக்கு வாங்கிய வெல்லம் தீபாவளிவரை தாங்கினதில்லை.

2004-ல் கோயமுத்தூருக்கே வந்து ஒரு ஓட்டலில் ஒயின் பொறுப்பில் சேர்ந்தேன். அடுக்களைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஏசி, ஜெனரேட்டர். கரண்டு போனால் என் உயிரும் போய்விடும். சுங்கவரி கட்டி வந்த பாட்டில்கள்.

ஒரு ராத்திரி, தோட்டமும் மில்லும் உள்ள குடும்பம் ஒன்று சாப்பிட வந்தது. வெளிநாட்டில் படித்த மகன் ஒரு பழைய போர்தோ கேட்டான். திறந்து, ஒரு மடக்குப் பார்த்து, ஊற்றினேன். என்ன வாசம் என்று கேட்டான். "லெதர் வருதுங்க, நல்லாப் பதப்பட்ட தோல்" என்றேன். அவன் மோந்து பார்த்து, "ஆமாப்பா, லெதர்! பாருங்க" என்று அப்பாவிடம் நீட்டினான். பெரியவர் கிளாசைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எந்தூரு தம்பி?"

"சிங்காநல்லூருங்க."

"சிங்காநல்லூர்ல எங்க?"

"குளத்துப் பக்கமுங்க."

"அட, பறி தைக்கிற கெழவன் ஒருத்தன் இருந்தானே…"

"எங்க தாத்தாங்க."

பெரியவர் கோபப்படவில்லை. கிளாசை விரல் நுனியால் ஒரு சாண் தள்ளிவைத்தார். "வேறொண்ணு மூடியோட கொண்டாரச் சொல்லு. நாங்களே தொறந்துக்கறோம்." மகன் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

ரெண்டு பாட்டிலுக்கும் காசு கட்டிவிட்டுப் போனார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் உள்ளூர்ப் பெரிய மனுசங்க மேசையில் நீ ருசி பார்க்காதே, வாசத்தோடு நிறுத்திக்கொள் என்றார். திறந்த பாட்டிலை என்ன செய்ய என்று கேட்டேன். "எடுத்துட்டுப் போ, யாருகிட்டயும் சொல்லாதே."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மில்லிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா திண்ணையில் தூங்காமல் கிடந்தார். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது, அப்புறம் மெல்லத் தளர்ந்தது.

"என்றா இது, உங்க தாத்தன் தொட்டி வாசம் அடிக்குது?"

"அதேதானுங்கப்பா."

"எவ்வளவு இது?"

சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். இருட்டில் குளத்துப் பக்கம், தொட்டி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அப்போது யாரோ வீடு கட்டியிருந்தார்கள்.

"அந்தத் தண்ணியக் கீழ கொட்டாம வெச்சிருக்கலாமாட்ட இருக்குது" என்றார். டம்ளரை நீட்டினார். "இன்னுங் கொஞ்சம் ஊத்து."