சகலமானவர்களுக்கும்

நகராட்சி மன்றத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்பது எங்கள் ஊரில் முதலில் சேர்மனுக்குத் தெரியும். அப்புறம் கவுன்சிலர்களுக்கு, அப்புறம் கிளார்க்குக்கு. நாலாவது ஆள் எங்க நைனா. ஊருக்குத் தண்டோரா போட்டவர் அவர்தான். ஆனால் அந்த முடிவில் அவருக்கு ஒரு பங்கும் கிடையாது.

பாலாற்றங்கரையில் இருக்கிற சின்ன நகராட்சி. ஊர்ப் பேரை எழுதவில்லை. எழுதினால் யார் வீட்டு ஆள் என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள். தம்பி இன்னும் அங்கேதான் ஒப்பந்தத்தில் குப்பை வண்டி ஓட்டுகிறான்.

ரெண்டு நாளைக்குக் குடிதண்ணி வராது, வீட்டு வரி கட்ட 31ஆம் தேதி கடைசி, வெறிநாய் பிடிக்க வராங்க, குழந்தைகளுக்கு ஊசி போடுறாங்க, சந்தைக் கடை ஏலம். எல்லாமே நைனா வாயால்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. கிளார்க் ஒரு சீட்டைப் பார்த்து ரெண்டு தரம் படித்துக் காட்டுவார். எந்தெந்தத் தெரு என்று அதே சீட்டில் இருக்கும். எல்லாத்தையும் மனசில் ஏற்றிக்கொண்டு வந்து, வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார். தெருமுனையில் நாலு அடி. நிறுத்திவிட்டு, "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்..." என்று குரலெடுப்பார். பெரிய தெருவுக்குள் போகும்போது செருப்பு கைக்கு வந்துவிடும், துண்டு இடுப்புக்குப் போய்விடும். திண்ணையில் இருக்கிறவர், "இன்னாடா அது, இன்னொரு தரம் சொல்லு" என்பார். நைனா முதலிலிருந்து சொல்லணும். இப்படிப் பதினாலு தெரு சுற்றினால் அஞ்சு ரூபாய்.

ரொம்ப வருசம் தனி அதிகாரி நிர்வாகம் பண்ணின பிறகு 1986இல்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்க காலனியிலும் ஓட்டுப் போட்டோம். ரெண்டு வருசம் கழித்து நைனா கையில் ஒரு சீட்டு வந்தது. ஊர்க் குப்பையை இனிமேல் கீழண்டைப் புறம்போக்கில்தான் கொட்டணும், தெருவில் கொட்டினால் அபராதம். ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம். கீழண்டைப் புறம்போக்கு என்றால் எங்க சுடுகாட்டை ஒட்டின இடம். காலனிக்கும் அதுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான்.

நைனா பதினாலு தெருவிலும் அடித்துச் சொன்னார். தெரு சுத்தமாகப் போகிறதென்று ஊருக்குச் சந்தோசம். சாயங்காலம் காலனிக்கு வந்தவர் பறையை வீட்டில் மாட்டிவிட்டு, வேப்ப மரத்தடியில் நின்று வெறும் வாயால் சொன்னார். யாரும் பேசவில்லை. எங்க ஆயாதான் கேட்டது.

"ஏண்டா, சகலமானவங்கன்னு கத்திகினு வந்தியே, அதுல நாம இருக்கமா இல்லியா?"

"சீட்டுல பதினாலு தெரு இருக்குதும்மா. நம்ம தெரு இல்ல."

அப்போது எனக்குப் பதினாறு வயசு. அதுக்கப்புறம் எத்தனையோ கூட்டத்தில் என்னென்னமோ பேசக் கேட்டிருக்கிறேன், இதுக்கு மேல் தெளிவாக யாரும் சொன்னதில்லை. நகராட்சிக்கு எங்க காலனி குப்பை கொட்டத் தெரியும், ஆள் எடுக்கத் தெரியும், ஓட்டு வாங்கத் தெரியும். தகவல் சொல்ல மட்டும் தெரியாது.

1994இல் ஆயா செத்தது. பாடையைக் குப்பை மேல் ஏறித்தான் தூக்கிக்கொண்டு போனோம். நாலு பேர் கால் புதையுது. எரிகிற பிளாஸ்டிக் புகையில் மூக்கைத் துண்டால் மூடுவதா, பாடையைப் பிடிப்பதா? அதுக்கப்புறம் எங்க காலனியில் எல்லாச் சாவும் அப்படித்தான்.

தீர்மானம் போட்டால் நடந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் மகாத் கதையைப் படிக்கணும். பொதுக் குளம், கிணறு எல்லாம் தீண்டப்படாதாருக்கும் திறந்திருக்கணும் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே தீர்மானம் கொண்டுவந்தார். 1924இல் மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளத்தில் மூணு வருசம் ஒருத்தரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கான சனங்களோடு போய் இறங்கித் தண்ணீர் குடித்தார். திரும்பும்போது அடி விழுந்தது. அதே நகராட்சி ஆகஸ்டில் கூடி, தான் போட்ட தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது 1937இல்தான். திறப்பதாகப் போட்ட தீர்மானம் மூணு வருசம் தூங்கியது, ரத்து பண்ணினது மட்டும் உடனே அமலுக்கு வந்தது. எங்க ஊரிலும் குப்பைத் தீர்மானம் மறுநாளே அமலுக்கு வந்தது, எங்க தெரு விளக்குத் தீர்மானம் ஒன்பது வருசம் தூங்கியது.

2022 ஆகஸ்டில், அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தணும், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லணும் என்று தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல காரியம். ஒரு சாதியின் கழுத்தில் பறையை மாட்டித் தெருத்தெருவாகக் கத்த விட்ட கேவலம் ஒழியட்டும். பேப்பரில் வந்ததை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயசு. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"அந்த ஆட்டோ எத்தினி தெருவுக்குப் போவுது?" என்றார்.

ஆட்டோ வாய்க்கால் பாலத்து முனை வரைக்கும் வருகிறது. அங்கேயே திருப்பிக்கொள்கிறது. காற்று எங்க பக்கம் அடித்தால் பாதி காதில் விழும்.

அதே வருசம் நவம்பர் 1ஆம் தேதி நகரங்களில் முதல் தடவையாகப் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. கிராம சபை மாதிரி, வார்டு சனங்கள் உட்கார்ந்து குறை சொல்லலாம். எங்க வார்டு தலித் பெண்களுக்கு ஒதுக்கினது, கவுன்சிலர் எங்க காலனிப் பெண்தான். கெட்டிக்காரி. "அண்ணா, அஜெண்டா என் கைக்கு வரும்போதே அடியில 'மன்றம் அனுமதிக்கலாம்'னு அச்சடிச்சே வருது. நான் எழுந்து நிக்கறதுக்குள்ள 'ஏகமனதாக'ன்னு படிச்சிடுறாங்க" என்கிறது. ஏகமனது என்ற சொல்லை 1988இலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது குப்பை மேட்டைச் சலித்து அள்ளுகிறார்கள். பயோமைனிங் என்று பேர். மண் வேறு, பிளாஸ்டிக் வேறாகப் பிரித்து லாரியில் போகிறது. முப்பது வருசத்துக்கு மேல் மூடிக் கிடந்த தரை கண்ணில் படுகிறது. ஆயாவைத் தூக்கிக்கொண்டு போன வழியும் ஒரு ஓரமாகத் தெரிகிறது. அள்ளி முடித்த இடத்தில் நடைபயிற்சிப் பூங்கா அமைக்க மன்றத்தின் முன் வைக்கப் போகிறார்களாம். அந்த அளவுக்குள் எங்க சுடுகாட்டு வழியும் சேர்ந்திருக்கிறது. குப்பை இருந்த வரைக்கும் அது எங்க இடம், சுத்தமானதும் ஊர் இடமா?

கவுன்சிலர் போனில் அனுப்பின சேதியில் இந்த வார நிகழ்ச்சி மூணு. ஞாயிற்றுக்கிழமை கண் முகாம், செவ்வாய் வரி வசூல் முகாம், வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மெயின் ரோடு கல்யாண மண்டபத்தில் பகுதி சபை. வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு எங்க ஆள் எங்கே இருப்பான்? துப்புரவு வேலைக்குப் போனவர்களுக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் விடும். மீதிப்பேர் தோல் கம்பெனியில். சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம், பதில் இல்லை. செருப்பு தைக்கப் போகிற பெண்கள் பதினோரு பேர் அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வருகிறார்கள். மனுவில் சர்வே எண் போட்டாச்சு. தம்பி பெண்சாதி படிக்கும்.

காலனிக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் சண்டை வந்தது. பறை கத்துக்கிற பிள்ளைகள், "நம்ம கூட்டத்துக்கு நாமளே அடிச்சுச் சொல்லலாம்" என்றன. பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாவுக்கும் தண்டோராவுக்கும் அடித்த கை, இதுக்கு வேண்டாம் என்றார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, எனக்குப் பிள்ளைகள் பக்கம் கொஞ்சம் சாய்வு. கடைசியில் வீடு வீடாகப் போய் வாயால் சொல்வதென்று முடிவாச்சு. நேற்று ராத்திரி வரைக்கும் நாற்பத்தாறு வீடு சொல்லியிருக்கிறோம். வாய்க்காலை ஒட்டின வரிசை பாக்கி.