ராஜகிரி சொல்லும் கதை

செஞ்சியில் வாழ்பவர்க்கு ராஜகிரி அன்றாடக் காட்சி. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இப்பாறை மலையைத் தமிழகம் அறிந்தது வரலாற்று நூல்களால் அன்று, கதையால். தேசிங்குராஜன் கதைப்பாடலும், தெருக்கூத்தும், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘ராஜா தேசிங்கு’ திரைப்படமுமே இம்மலையை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

சென்ற மாதம் அக்கதை எங்கள் வீட்டினுள் வருத்தமாக நுழைந்தது. பள்ளியிலிருந்து திரும்பிய என் மகன் புத்தகப்பையைக் கழற்றாமலே கேட்டான்: “அத்தா, தேசிங்கு ராஜாவைக் கொன்றது நம்மவர்களா?” உடன் படிக்கும் சிறுவன் அவ்வாறு கூறினானாம்.

ஞாயிறு காலை அவனைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். மலையடிவாரத்தில் சாதத்துல்லா கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசலின் முன் நின்றோம். “1714இல் தேசிங்கை வென்ற ஆர்க்காட்டு நவாப் இவர்தாம். போருக்குக் காரணம் மார்க்கம் அன்று, கப்பப் பாக்கி. தேசிங்கின் தந்தை சொரூப்சிங்கே முகலாயப் பேரரசால் இக்கோட்டைக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர்” என்றேன்.

படியேறுகையில் மகபத்கானின் கதையைச் சொன்னேன். தேசிங்கின் உயிர்த்தோழன் அவன். திருமணப் பந்தலில் இருந்தவனுக்குப் போர்ச்செய்தி எட்டியது. மணக்கோலத்துடனே எழுந்து, நீலவேணி என்னும் தன் குதிரையில் ஏறி, நண்பனுக்காக நவாபின் படையை எதிர்த்து உயிர் நீத்தான் என்கிறது கதைப்பாடல். என் இளமையில் கூத்து மேடையில் அவன் வீழ்ந்தபோது, அருகிலிருந்த இந்துத் தாய்மார்கள் முந்தானையால் கண் துடைத்ததைக் கண்டிருக்கிறேன்.

மகன் சற்று நின்றான். “நவாபும் முஸ்லிம், மகபத்கானும் முஸ்லிம். நம்மவர் யார், அத்தா?”

“பெயரைக் கொண்டு நம்மவரைத் தேடாதே. உடன்படிக்கையை நிறைவேற்றுமாறு திருக்குர்ஆன் (17:34) பணிக்கிறது. கொடுத்த வாக்கைக் காத்தவன் எவனோ, அவனிடம் நமக்குப் பாடம் உண்டு” என்றேன். கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்பதை அறிஞர் ஆராயட்டும். மக்கள் முந்நூறு ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருப்பது கப்பக் கணக்கை அன்று, இந்த நட்பையே.

இறங்கும்போது அவன் கேட்டான்: “அடுத்த ஞாயிறு அந்த நண்பனையும் அழைத்து வரலாமா?”

அல்ஹம்துலில்லாஹ். அவனுக்கு நான் தேடிய விடையைக் காட்டிலும் அது நல்ல விடை.