அமிர்தி மலையில் ஒரு கற்கோடரி

இலக்கிய இதழ்களுக்கு எழுதி முப்பது ஆண்டுகள் பழகிய கை நம்முடையது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் அதற்கொரு முன்னுரை அமைத்து, நடுவே நயம் சேர்த்து, படிப்போர் மனம் நெகிழுமாறு முடிக்கத் தெரியும் என்ற செருக்கும் உண்டு. தொல்லியல் ஆய்விதழ் ஒன்றுக்கு நாம் அனுப்பிய எட்டுப் பக்கக் கட்டுரை, பதினொரு பக்கக் குறிப்புகளோடு திரும்பி வந்த நாளில் அந்தச் செருக்கு போன இடம் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்லுவோம். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் சென்றால் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி. 1967 இல் அங்கே வனத்துறையார் அமைத்த சிறு உயிரியல் பூங்காவையும் அருவியையும் காண விடுமுறை நாட்களில் கூட்டம் வரும். பூங்காவைத் தாண்டி மலைக்குள் செல்லும் பாதைகளில் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் இருக்கின்றன. 2022 ஆம் ஆண்டின் கோடையில், பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரோடு அந்தப் பாதையொன்றில் நடந்தோம். புளியமரத்தடியில் மூன்று கற்களுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டிருந்தார்கள். இரண்டு கற்கள் ஓடைக்கல். மூன்றாவது, ஒருபுறம் கூர்ந்தும் மறுபுறம் குவிந்தும், எண்ணெய் தடவியதுபோல் வழவழத்துக் கருமையாய் நின்றது. நண்பர் மெல்ல நம் தோளைத் தொட்டார். புதிய கற்கால மனிதன் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடரி அது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். "எங்க தாத்தா காலத்திலேருந்து இங்கதான் இருக்குது. மேல்காட்டுல ஏர் ஓட்டறப்போ கெடச்சதுன்னு சொல்லுவாங்க" என்றார். நாம் அதைக் குறித்துக்கொண்டோம். அன்றிரவே எழுதத் தொடங்கிவிட்டோம்.

கட்டுரைக்கு நாம் இட்ட தலைப்பை இன்று நினைத்தாலும் நாணம் வருகிறது. அமிர்தியில் புதிய கற்கால வாழ்விடம் ஒன்றைக் கண்டுபிடித்ததாகவே அறிவித்திருந்தோம். முதற் பக்கம் முழுவதும் மலையின் எழில். இரண்டாம் பக்கத்தில் மனித நாகரிகத்தின் தோற்றம். கோடரி வருவதற்குள் மூன்றாம் பக்கம் பிறந்துவிட்டது. அதன் நீள அகலம் ஒரே வரியில் முடிந்தது. அதுவும் "ஏறக்குறைய ஒரு சாண்" என்று.

ஆய்விதழ் நடைமுறையை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். இத்தகைய இதழ்களில் பதிப்பாசிரியர் மட்டுமே முடிவு செய்வதில்லை. எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு, துறையறிந்த இருவருக்குக் கட்டுரையை அனுப்புகிறார்கள். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. நாம் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. வயதுக்கோ பட்டத்துக்கோ அங்கே மரியாதை கிடையாது. நம்முடைய தலைநரை அந்தத் தாள்களில் தெரியவில்லை. ஆகவே எவரும் அதற்காக இரங்கவுமில்லை.

முதல் மதிப்பீட்டாளர் எழுதியவை பெரும்பாலும் செய்முறை பற்றியவை. படத்தில் அளவுகோல் வைக்கப்படவில்லை. வரைபடத்தில் வடதிசைக் குறி இல்லை. வெட்டுவாயின் அகலம், கொண்டையின் அகலம், தடிமன் ஆகியவை மில்லிமீட்டரில் வேண்டும். கல்லின் வகையைச் சொல்லவில்லை. குறுக்குவெட்டுத் தோற்றம் வரையப்படவில்லை. எடை இல்லை. இடத்தைக் குறிக்க "வேலூர் மாவட்டம், அமிர்தி அருகே" என்பது போதாது. அட்சரேகை, தீர்க்கரேகை தருக.

இக்கடைசிக் கோரிக்கை நமக்கு முதலில் வீம்பாகவே பட்டது. பிறகு யோசித்தோம். நாம் பள்ளியில் படித்தபோது அமிர்தி இருந்தது வட ஆர்க்காடு மாவட்டத்தில். 1989 இல் அது இரண்டாகப் பிரிந்தது. பின்னர் நம் பகுதி வேலூர் மாவட்டம் என்றாயிற்று. 2019 இல் அதிலிருந்தும் திருப்பத்தூரும் இராணிப்பேட்டையும் தனியே போயின. ஒரு மனிதனின் ஆயுளுக்குள் மாவட்டம் இத்தனை முறை பெயரும் எல்லையும் மாறுமானால், நூறாண்டு கழித்துப் படிப்பவன் "அருகே" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் புளியமரத்தைத் தேடுவான்?

இரண்டாம் மதிப்பீட்டாளரின் குறிப்பு ஒரு பக்கமே. அதுதான் நம்மை உறங்கவிடவில்லை. அவர் கேட்டதன் சாரம் இது: சாம்பல் கண்டீர்களா? பானையோடு கண்டீர்களா? கல் செதுக்கிய சில்லுகள், முடிக்கப்படாத கருவிகள் உண்டா? ஒன்றும் இல்லையெனில் நீங்கள் கண்டது வாழ்விடம் அன்று, வழிபாட்டிடம். கோடரி அங்கே எப்போது, எங்கிருந்து, யாரால் வந்தது? பெரியவர் சொன்னார் என்கிறீர்கள். அவருக்குச் சொன்னவர் யார்?

நியாயமான கேள்விகள். திருப்பத்தூர் வட்டத்துப் பையம்பள்ளியில் 1964-65 லும் 1967-68 லும் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது வழவழப்பான கற்கோடரிகள் கிடைத்தன; ஆனால் அவை மண்ணடுக்குக்குள், பானையோடுகளின் நடுவே, மக்கள் வாழ்ந்த குழிகளோடு சேர்ந்து கிடைத்தன. அதனாலேயே அது வாழ்விடம். இப்பகுதி மலைகளிலோ, கிடைத்த கற்கோடரியைத் தெய்வமாக மரத்தடியில் வைப்பது பழைய வழக்கம். மரத்தடிக் கோடரி வேறு, மண்ணடுக்குக் கோடரி வேறு. இந்த வேறுபாடு நமக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஆசை மறைத்தது.

சென்னைப் பல்லாவரத்தில் 1863 மே 30 ஆம் நாள் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவு அப்போது வந்தது. நிலவியல் ஆய்வுத்துறை அலுவலர் அவர். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு அதிரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். கட்டுரை சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளிவந்தது 1866 இல். அதன் தலைப்பைப் பாருங்கள்: சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களின் பல பகுதிகளில் செம்புரைக்கல் படிவங்களில் கற்கருவிகள் காணப்படுவது பற்றி என்பது அதன் பொருள். எந்த நிலப்பகுதி, எந்தப் படிவம், என்ன பொருள் என்பதெல்லாம் தலைப்பிலேயே அடங்கிவிட்டன. "ஆதி மனிதன்" என்றோ "மாபெரும் கண்டுபிடிப்பு" என்றோ ஓர் ஆரவாரம் இல்லை. இத்தனைக்கும் இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்த கண்டுபிடிப்பு அது. அதே அதிரம்பாக்கத்தில் 1999 இல் தொடங்கிய அகழாய்வின் பயனாக, அங்குள்ள கருவிகள் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்ற முடிவு "சயன்ஸ்" இதழில் வந்தது 2011 இல்தான். இடையே பன்னிரண்டு ஆண்டுகள். நாமோ ஒரே இரவில் எழுதத் தொடங்கியவர்கள்.

அறிவித்தவர் யார் என்ற கேள்வியும் நமக்குப் புதிதல்லவே! ஹதீஸ் கலையில் இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றிச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யார் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தவரா, நேரில் சந்தித்தவரா என்றெல்லாம் சலித்தெடுத்த பின்னரே ஒரு செய்தியை ஏற்றார்கள் முன்னோர். அந்த மரபைப் பற்றி மேடையில் பெருமையாகப் பேசியுமிருக்கிறோம். எழுதும்போது மட்டும் "ஊர்ப் பெரியவர் கூற்று" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டோம்.

நிற்க. மீண்டும் அமிர்திக்குச் சென்றோம். இம்முறை அளவுநாடா, வெர்னியர் அளவி, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோல், ஒரு சிறு தராசு எல்லாம் நண்பரின் பையில். பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மேல்காடு எங்கே, ஏர் ஓட்டியவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். அவர் சொல்லச் சொல்ல, உள்ளே கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவியார் முறத்தைக் கீழே வைத்தார்.

"அது மேல்காட்டுக் கல்லு இல்ல பாய். எங்க தாய்வீட்டுக் கல்லு. எங்க பாட்டி கல்யாணம் கட்டி இந்த ஊருக்கு வந்தப்போ, அவங்க அப்பன் மடியில கட்டிக் கொண்டாந்து வெச்சாரு. பொண்ணு போற எடத்துல சாமியும் இருக்கணும்னு. அந்தப் பாட்டி சொல்லி நானே கேட்டிருக்கேன்."

நாம் திகைத்தோம். போன முறை இதைச் சொல்லவில்லையே என்றோம்.

"நீங்க அவரைக் கேட்டீங்க. என்னை யாரு கேட்டா?"

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "அது மெய்தான், எனக்கு என் அப்பன் சொன்னது வேற" என்று மட்டும் சொன்னார். பாட்டியின் ஊர் மலைமுகட்டுக்கு அப்பால், ஒருநாள் நடைத் தொலைவில். அங்கே கல் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல யாரும் இல்லை.

நம் முதற்கட்டுரை அப்படியே அச்சாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமிர்தியில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்தார்கள் என்று ஓர் ஆய்வாளர் மேற்கோள் காட்டுவார். அவரை இன்னொருவர் காட்டுவார். பத்தாண்டில் அது வரைபடத்தில் ஒரு புள்ளியாகிவிடும். பிறகு அந்தப் புள்ளியை யாராலும் எளிதில் அழிக்க முடியாது.

எடை பார்க்கத் தராசை எடுத்தபோது அம்மையார் கையை நீட்டித் தடுத்தார். சாமியை எடுத்து நிறுக்கக் கூடாது. இருந்த இடத்திலேயே அளந்துகொள்ளலாம். நண்பர் மண்ணில் மண்டியிட்டு அளந்தார்: நீளம் 142 மில்லிமீட்டர், வெட்டுவாய் 61. மண்ணில் பதிந்த கீழ்ப்புறத்தைக் காண முடியாததால் குறுக்குவெட்டையும் முழுமையாக வரைய இயலவில்லை. அந்தக் காலத்து அதிகாரியாக இருந்திருந்தால் கல் அன்றே அருங்காட்சியகத்துப் பேழைக்குப் போயிருக்கும், எடையும் கிடைத்திருக்கும். ஒரு கணம் அந்த ஆசை நமக்கும் வந்தது என்பதை மறைப்பானேன்.

கட்டுரையை அடியோடு மாற்றி எழுதினோம். எட்டுப் பக்கம் மூன்றரைப் பக்கமாயிற்று. மலையின் எழில் போயிற்று, நாகரிகத்தின் தோற்றமும் போயிற்று. வழிபாட்டிலுள்ள கற்கோடரி பற்றிய ஒரு குறிப்பு என்பதே தலைப்பு. அது வந்த வழி பற்றிய இரண்டு கூற்றுகளையும், சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்ற விவரத்தோடு தனித்தனியே தந்தோம். எதைத் தெரிந்தெடுப்பது என்று தீர்ப்பளிக்கவில்லை. ஆங்கிலச் சுருக்கம் ஒன்றும் வேண்டுமென்றார்கள். "சாமிக்கல்" என்பதற்கு ஆங்கிலம் தேடி இரண்டு நாள் தோற்று, ஒலிபெயர்த்தே விட்டோம். அட்டவணையில் எடைக்குரிய கட்டத்தில் "அளக்கப்படவில்லை; வழிபாட்டில் உள்ளது" என்று எழுதினோம்.

இடம் குறிப்பதில் மட்டும் சிக்கல் நீடித்தது. துல்லியமான அட்சரேகையை அச்சிட்டால், ஆய்வாளன் வருவதற்கு முன் கல் திருடுபவன் வருவான். அம்மக்களின் மரத்தடி வெறுமையாகிவிடும். பதிப்பாசிரியருக்கு இதை விளக்கி மடல் எழுதினோம். ஊர் மட்டத்தில் அச்சிட்டு, துல்லியக் குறிப்பை இதழ் அலுவலகக் கோப்பில் வைத்துக்கொள்ள அவர் இசைந்தார். முன்னே வீம்பென்று நாம் நினைத்த விதிக்கு இப்போது நாமே விலக்குக் கேட்டு நின்றோம்.

மீண்டும் இரு முறை போய் வந்து, பதினான்கு மாதங்களுக்குப் பின் இதழ் வந்தது. நன்றியுரையில் அம்மையாரின் பெயர் முதலிலும் பெரியவரின் பெயர் அடுத்தும் இருந்தன. ஒரு படியை எடுத்துக்கொண்டு அமிர்திக்குப் போய், அந்தப் பக்கத்தைப் பிரித்து அவரிடம் காட்டினோம். எழுத்தை அவர் பார்க்கவில்லை. படத்தையே நெடுநேரம் பார்த்தார். கோடரியின் பக்கத்தில் கறுப்பு வெள்ளை அளவுகோல் படுத்திருந்தது.

"வெளக்கு ஏத்தாமயே படம் புடிச்சிட்டீங்களே பாய்" என்றார்.