மிதி, பிடி, விடு

வாப்பாவின் பழைய டொல்பின் வானுக்கு வைகாசி விசாகம் பெரிய ஹயர் காலம். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் சனம் இரவிரவாக வரும். அந்தக் கிழமையில்தான் கிளச் பெடல் பஞ்சுபோல உள்ளே போய், கியர் விழ மறுத்தது.

தேய்ந்த ரப்பர் சீல் வழியே குழாய்க்குள் காற்றுப் புகுந்திருந்தது. திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எங்கும் கடத்தப்படும் என்பது பஸ்காலின் விதி. உயர்தரப் பௌதிகவியலில் படிக்கிறோம். அவர் இறந்த மறுவருடம், 1663இல், அது நூலாக வந்தது. ஆனால் காற்று நசியும். குமிழி இருந்தால் மிதியெல்லாம் அதை நசிப்பதிலேயே வீணாகிவிடும்.

சீலை மாற்றியாயிற்று. காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும், நாநா கட்டாரில். ஆகவே நான் சாரதி இருக்கையில், வாப்பா வானுக்குக் கீழே. நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை பிரேக் ஒயில் போத்தலுக்குள் அமிழ்ந்திருந்தது. "மிதி மகள்... பிடி" என்பார். நிப்பிளைத் திறந்ததும் பெடல் அடிவரை இறங்கும், போத்தலில் குமிழி வரும். பூட்டிய பிறகுதான் "விடு." முந்திவிட்டால் வெளியேறியது திரும்ப உள்ளே இழுபடும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான்.

இடையிடையே மேலே ஒயில் ஊற்றினோம், வற்றினால் மறுபடி காற்றுத்தான். அந்த ஒயில் ஈரத்தை உறிஞ்சும். திறந்து கிடந்த பழைய போத்தலை வாப்பா தொடவேயில்லை.

பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன வேலை?" என்றார்.

கீழேயிருந்து, "மிதி மகள்" என்ற சத்தம் மட்டும் வந்தது.

இருபது தரமாவது மிதித்திருப்பேன். பிறகு பெடல் என் காலைத் திருப்பித் தள்ளியது. அன்றிரவே வான் முள்ளியவளையில் சனத்தை ஏற்றிக்கொண்டு வற்றாப்பளைக்குப் போனது.