உதிர வேண்டிய இலைகள்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் நடந்த கலைக் கண்காட்சியின்போது நான் செய்த பிழை ஒன்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தை வகுப்பறையின் ஒரு மூலையில் அமைத்திருந்தாள். ஒரு பழைய மங்கு, சிறிது ஒட்டுப்பால், கைப்பிடி அளவு ரப்பர் விதைகள், சுற்றிலும் தரையில் பரப்பிய பச்சை இலைகள். இவ்வாறு பொருள்களை ஓரிடத்தில் அமைத்து, அந்த இடத்தையே படைப்பாக்குவதை 'நிறுவல் கலை' என்பர்.

சில நாள்களில் இலைகள் சுருண்டு பழுப்பேறின. மறுநாள் பெற்றோர் வருவார்களே என்று, நானே புதிய இலைகளைப் பறித்து, அட்டையில் ஒட்டி, வார்னிஷ் பூசி வைத்தேன். வந்தவர்கள் பாராட்டினார்கள். அவள் மட்டும் பேசாமல் நின்றாள். காரணம் கேட்டேன்.

"இலையெல்லாம் காஞ்சு நொறுங்கணும் டீச்சர். பாட்டி இருந்த தோட்டம் இப்ப இல்லல்ல?" என்றாள்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. காப்பாற்றுவதாக எண்ணி, அவள் சொல்ல வந்ததையே நான் அழித்துவிட்டேன்.

இதே சிக்கல் பெரிய அருங்காட்சியகங்களுக்கும் உண்டு என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். அமெரிக்கக் கலைஞர் ஸோயி லியோனார்ட், 1992இல் எய்ட்ஸ் நோயால் மறைந்த தம் நண்பரும் கலைஞருமான டேவிட் வோய்னரோவிச்சின் நினைவாக, ஆரஞ்சு, வாழை, எலுமிச்சை முதலிய பழங்களின் தோல்களை நூலாலும் பொத்தானாலும் தைத்து இணைத்தார். ஏறக்குறைய 300 தோல்களைக் கொண்ட அப்படைப்பின் பெயர் 'விசித்திரக் கனி'. அதனைக் கெடாமல் காக்க, கிறிஸ்தியான் ஷைடெமன் என்னும் பாதுகாப்பு வல்லுநர் அவரோடு சேர்ந்து முயன்றார். தோல்களை உறையவைத்து, செயற்கைப் பிசினை ஊடுருவச் செய்யும் முறை கண்டறியப்பட்டது. சில தோல்களில் அது வெற்றியும் பெற்றது. ஆயினும் அவற்றைப் பார்த்த பிறகு, லியோனார்ட் வேண்டாம் என்று முடிவு செய்தார். வாடி உதிர்வதே அப்படைப்பின் பொருள் என்பதை அவர் உணர்ந்தார். பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் 1998இல் அதனை அழியும் தன்மையோடே ஏற்றுக்கொண்டது.

என்னைச் சிந்திக்க வைத்தது, அந்த வல்லுநர் கலைஞரைக் கலந்தே செயல்பட்டார் என்பதுதான். நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகமும், பொருள் தேய்ந்தால் மாற்றலாமா, வேறு வடிவில் மீண்டும் அமைக்கலாமா என்று கலைஞர்களிடமே கேட்டுப் பதிவு செய்யும் வினாநிரல் முறையை உருவாக்கியது. வல்லுநர்களே கேட்கும்போது, நான் ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்காமல் போனேனே!

இப்போது எந்தப் படைப்பையும் தொடுவதற்கு முன் மாணவரிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன். இதில் எது மாறவே கூடாது? எதை மாற்றிக்கொள்ளலாம்? இது எப்போது முடிய வேண்டும்? விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, நிழற்படமும் எடுத்துக்கொள்கிறோம். "பத்து நாள் கழித்து நானே கலைப்பேன்" என்று எழுதிய பிள்ளைகளும் உண்டு.

பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை அமைத்து வைத்ததைக் குப்பை என்று அள்ளுவதற்கு முன்னும், அழகு என்று எடுத்துப் பூட்டுவதற்கு முன்னும், ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த வார்னிஷ் பூசிய இலைகள் இன்றும் என் அலமாரியில் உள்ளன. எனக்குப் பாடமாக இருக்கட்டும் என்றே அவற்றை வைத்திருக்கிறேன்.